“பழகப் பழகச் சரியாகும்” என்று தலையில் கட்டப்படும் முதல் சேஃப்டி ரேசர்: ஓர் எச்சரிக்கை

‘புதிதாகத் தொடங்குவோருக்கான முழு செட்’ என்று இணையத்தில் விற்கப்படும் சேஃப்டி ரேசர் (இருமுனை பிளேடு ஒன்றை மாட்டிச் சவரம் செய்யும் ரேசர்) பெட்டி ஒன்றில் ஏமாந்த விவரத்தை இங்கே எழுதுகிறோம். விற்றவரின் பெயரைப் போடவில்லை. இதே சரக்கு வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு அட்டைப்பெட்டிகளில் வருவதால் ஒரு பெயரைத் தவிர்த்து மட்டும் தப்பிக்க முடியாது. பெட்டி கைக்கு வந்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால்தான் தப்பிக்கலாம்.

விளம்பரத்தில் சொன்னவை: முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிளேடுக்கும் பாதுகாப்பு விளிம்புக்கும் நடுவே 0.6 மி.மீ. இடைவெளி கொண்ட மென்மையான தலை, பேட்ஜர் என்ற விலங்கின் முடியாலான பிரஷ், சோப்பு, ஸ்டாண்டு, 100 பிளேடு, ‘எந்தக் கேள்வியும் இல்லாமல் திரும்பப் பெறுவோம்’ என்ற உறுதி. வந்தவை: குரோம் முலாம் பூசிய துத்தநாகக் கலவைத் தலை, ஒரு பக்கம் 0.55 மறுபக்கம் 0.9 மி.மீ. என்று கோணலாக நின்ற பிளேடு, நைலான் பிரஷ், கைப்பிடிக்குப் பொருந்தாத ஸ்டாண்டு. புகாருக்கு முதலில் வந்த பதில்: “நீங்கள் அழுத்திப் பிடிக்கிறீர்கள், பழகப் பழகச் சரியாகும்.” விடாமல் கேட்டபோது அடுத்த பதில்: “பயன்படுத்திய ரேசரை, சுகாதாரக் காரணத்தால் திரும்பப் பெற இயலாது.”

முதல் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தே அதுதான். கார்ட்ரிட்ஜ் ரேசரில் (பிளேடுகள் பதித்த தலையை அப்படியே கழற்றி மாற்றும் வகை) தலை தானாக அசைந்து கோணத்தைப் பார்த்துக்கொள்ளும். அழுத்தினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சேஃப்டி ரேசரில் கோணம் முழுக்க மணிக்கட்டில்தான் இருக்கிறது. பிளேடின் மேல் வரும் மூடியின் வளைவைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியைக் கன்னத்துக்கு நேர்குத்தாகப் பிடித்து, பிளேடு முடியைத் தொடும்வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்த வேண்டும். அந்த நிலையில் பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 பாகையில் நிற்கும். ரேசரின் எடையே போதும், கை அழுத்தக் கூடாது. 2, 3 செ.மீ. அளவுக்குச் சின்னச் சின்ன இழுப்புகள், முதல் சுற்று முடி வளரும் திசையிலேயே. இதெல்லாம் கைவர நாளாகும், அதுவரை கீறலும் எரிச்சலும் சகஜம். அதனால் புதியவர் தன் கையைத்தான் சந்தேகிப்பார், ரேசரைச் சந்தேகிக்க மாட்டார். அவர் பழகி முடிப்பதற்குள் திரும்ப அனுப்பும் கெடு முடிந்துவிடும்.

கையின் குறையா, ரேசரின் குறையா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. ரேசருக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. மூடியின் ஒரு பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கழுவித் திருப்பும்போது எது எந்தப் பக்கம் என்று மறந்துபோகும். இடக் கன்னம் முழுக்கப் புள்ளிப் பக்கம், வலக் கன்னம் முழுக்க மறுபக்கம், அடுத்த முறை மாற்றி. எரிச்சல் கன்னத்தோடு நின்றால் கைதான் காரணம்: எழுதும் கைக்கு எட்டாத கன்னத்தில் கோணம் தவறுவது வழக்கம். எரிச்சல் புள்ளியோடு சேர்ந்து இடம் மாறினால் பிளேடு கோணலாக நிற்கிறது. எத்தனை பழகினாலும் அது சரியாகாது.

இதற்கு முகத்தைப் பணயம் வைக்கவும் வேண்டியதில்லை. முகத்தில் வைப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். மூடியைக் கவிழ்த்து வைத்து, பிளேடின் குட்டையான இரு ஓரங்களை மட்டும் பிடித்துப் பொருத்தி, அடித்தகட்டை (பிளேடைக் கீழிருந்து தாங்கும் பாகம்) மேலே வைத்து, கைப்பிடியைத் திருகுங்கள். கடைசி அரைச் சுற்றில் தலையை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருகினால் பிளேடு ஓடாது. பிறகு மூடியை நேர் மேலிருந்து பாருங்கள்: இரு பக்கமும் பிளேடு ஒரே அகலத்துக்கு, மூடியின் விளிம்புக்கு இணையாக வெளியே தெரிய வேண்டும். அடுத்து, தலையின் குறுகிய முனையிலிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பிளேடுக்கும் கீழேயுள்ள பாதுகாப்பு விளிம்புக்கும் நடுவே உள்ள சந்து தெரியும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 0.1 மி.மீ. வேறுபாட்டைக்கூடப் பழகிய கண் பிடித்துவிடும். கண்ணை நம்பாதவர்கள், சந்தின் அளவைப் பார்க்க மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ஃபீலர் கேஜின் மெல்லிய இதழை நுழைத்துப் பார்க்கலாம். பிளேடின் முனையை உரசித் திணிக்காதீர்கள், கூர் போய்விடும்.

சமமாக இல்லையென்றால் உடனே குற்றம் சாட்டவும் வேண்டாம். ஒருமுறை தளர்த்தி மறுபடி திருகுங்கள். சரியாகவில்லையென்றால் பிளேடை மட்டும் 180 பாகை திருப்பி மாட்டுங்கள். அகலச் சந்து பிளேடோடு சேர்ந்து பக்கம் மாறினால் பிளேடுதான் கோணல், வேறு பிளேடு போட்டால் தீர்ந்தது. மாறாவிட்டால் அடித்தகட்டைத் திருப்புங்கள். சந்து அதோடு மாறினால் அடித்தகட்டில் குறை. அதற்கும் அசையாமல் மூடியின் புள்ளியோடே ஒட்டிக்கொண்டிருந்தால் மூடியில் குறை: பிளேடைப் பிடிக்கும் முளைகள் தள்ளி நிற்கின்றன, அல்லது நடுத் தண்டு சாய்ந்திருக்கிறது. எங்களுக்கு வந்த ரேசரில் குறை மூடியில் இருந்தது. ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். வாதாடும்போது அந்தப் படங்கள்தான் பேசும்.

விளம்பரத்தில் வரும் இடைவெளி எண்ணை வைத்து மட்டும் ஒரு ரேசரை எடை போடக் கூடாது. தோராயமாக, 0.5 முதல் 0.6 மி.மீ. வரை மென்மை, 0.7 சுற்றி நடுத்தரம், 0.9க்கு மேல் முரடு என்று சொல்வது வழக்கம். ஆனால் மூடியின் விளிம்பையும் பாதுகாப்பு விளிம்பையும் தொட்டு ஒரு நேர்கோடு போட்டால், பிளேடின் முனை அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே நிற்கிறதா, கோட்டிலேயே நிற்கிறதா, உள்ளே பதுங்கியிருக்கிறதா என்பது தனிச் சங்கதி. முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 0.6 ரேசர், உள்ளே பதுங்கியிருக்கும் 0.8 ரேசரைவிட அதிகம் கடிக்கும். இன்னொன்று, மூடி பிளேடை எங்கே இறுக்கிப் பிடிக்கிறது என்பது. பிளேடின் தடிமன் 0.1 மி.மீ.தான். முனைக்கு வெகுதூரம் முன்னாலேயே பிடி விட்டுப்போனால், கெட்டியான முடியில் பிளேடு அதிர்ந்து தத்தித் தத்திப் போகும். காதுக்குக் கேட்கும் அந்தத் தடதடப்பை ‘நல்ல சத்தம்’ என்று விற்பவர்கள் சொல்வதும் உண்டு. மெல்லிய சுரண்டல் சத்தம்தான் இயல்பு. தடதடப்பு பிடிமானக் கோளாறு.

உலோகத்துக்கு வருவோம். ஏமாற்று இங்கேதான் அதிகம். துத்தநாகக் கலவையே கெட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மெர்க்கூர், ம்யூலே, எட்வின் ஜாகர் போன்ற பேர்பெற்ற தயாரிப்பாளர்களே தங்கள் வழக்கமான ரேசர்களின் தலையைக் குரோம் முலாமிட்ட துத்தநாகக் கலவையில்தான் வார்க்கிறார்கள். முலாம் கெட்டியாக இருப்பதால் பல ஆண்டு உழைக்கிறது. துத்தநாகத்தை ஸ்டீல் என்று சொல்லி விற்பதும், முலாமை மெல்லியதாகப் பூசுவதும்தான் மோசடி. முளைகளின் அடியிலும் மரையின் ஓரத்திலும் முலாம் முதலில் பல்லிளிக்கும். அங்கே வெள்ளைப் பொடி படியும், சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும்.

காந்தம் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. ரேசருக்குப் பயன்படும் 316எல் போன்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. ‘காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் ஸ்டீல்’ என்று படம் போட்டு விற்கிறவர் உங்களிடம் ஒன்றையுமே நிரூபிக்கவில்லை.

நம்பகமானது அடர்த்திச் சோதனை. 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு போதும். மூடியையும் அடித்தகட்டையும் மட்டும் எடுங்கள். கைப்பிடி உள்ளே பொள்ளலாக இருக்கலாம், அது கணக்கைக் கெடுக்கும். முதலில் உலர்ந்த எடை. பிறகு தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். இரண்டு பாகங்களையும் நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, அடியையும் சுவரையும் தொடாமல் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளை உதறிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் அந்த உலோகத்தின் கன அளவு. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 8 அருகே வரும், பித்தளை 8.5 சுற்றி, துத்தநாகக் கலவை 6.7 அருகே, அலுமினியம் 2.7. அதாவது இரண்டும் சேர்ந்து 40 கிராம் என்றால், தண்ணீரில் ஸ்டீல் 5.0 காட்டும், பித்தளை 4.7, துத்தநாகம் 6.0. ஸ்டீலுக்கும் பித்தளைக்கும் நடுவே சிறிது குழப்பம் வரலாம். துத்தநாகம் மட்டும் ஒளிய முடியாது.

மூடியின் நடுத் தண்டு முறிந்துபோய்விட்டால், ‘கொதிநீரில் போட்டீர்களா?’ என்று கேட்பார்கள். துத்தநாகத் தலையைக் கொதிநீரில் முக்காமல் இருப்பது நல்லதுதான், ஆனால் தண்டு முறிவதற்கு வழக்கமான காரணம் அளவுக்கு மீறித் திருகுவது. தலை அசையாமல் உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். உப்புக்கறை போக வினிகரில் ஊறப்போடும் பழக்கமும் இந்தத் தலைகளுக்கு ஆகாது; முலாம் விட்ட இடத்தில் அமிலம் துத்தநாகத்தைத் தின்னும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் பிரஷும் போதும்.

மூடியில் குறை என்று சொன்னதற்கு, எங்களுக்கு மாற்றாக அனுப்பப்பட்டது ஒரு கைப்பிடி! அதிலும் மரை சேரவில்லை. இன்றைய ரேசர்கள் பெரும்பாலும் எம்5 மெட்ரிக் மரையில் வருகின்றன: 5 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. புரியிடைவெளி. பழைய ஜில்லெட் வழியில் வந்தவற்றில் 4.83 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 32 புரி, அதாவது 0.794 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால்தான் வம்பு. எம்5 தண்டைப் பழைய அளவுக் கைப்பிடியில் திருகினால் இரண்டு சுற்று போய் இறுகும். மேலும் திருகினால் மரை போய்விடும். மாற்றிப் போட்டால் லொடலொடக்கும். கையால் இலகுவாகத் திருக முடியாத எதையும் பலவந்தப்படுத்தாதீர்கள்.

செட்டில் இருந்த மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரஷிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள்: விலங்கு முடி என்றால் கருகிப் பொடியாகும், நைலான் உருகி உருண்டையாகும். நல்ல செயற்கை பிரஷ் தாராளமாகப் போதும்; பேட்ஜர் என்ற பொய்தான் வேண்டாம். 100 பிளேடும் பெயர் தெரியாத ஒரே வகை. கூர் சரியில்லை என்றால் நூறும் குப்பை.

முதல் ரேசராக வேறு சிலவற்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கைப்பிடியைத் திருகினால் கதவு போலத் திறக்கும் பட்டர்ஃபிளை வகை நன்றாகச் செய்தால் அருமை. மலிவான நகல்களில் இரு கதவும் சமமாக மூடாது, சோப்புப் படிவு உள்ளே அடையும், எந்தப் பாகத்தில் குறை என்று பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. எண்கள் குறித்த வளையத்தைத் திருப்பி இடைவெளியை மாற்றும் ரேசர்களின் நகல்களும் அப்படித்தான். 1இல் வைத்தாலும் 5இல் வைத்தாலும் சில நகல்களில் பெரிய மாற்றம் தெரியாது. அரைப் பிளேடு போடும் ஷவெட்டைச் ‘சேஃப்டி ரேசர்’ என்று விற்பதும் நடக்கிறது. அதில் பாதுகாப்பு விளிம்பே கிடையாது, முதல் நாள் எடுக்க வேண்டிய கருவி அது அல்ல. தன் சொந்தப் பிளேடு மட்டுமே பொருந்தும் ரேசரையும் விட்டுவிடுங்கள். கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற இருமுனை ரேசரின் வழியில் வந்த பிளேடு எந்தத் தயாரிப்பிலும் பொருந்தும் என்பதே இந்தப் பழக்கத்தின் பெரிய ஆதாயம். அதை முதல் நாளே கைவிடுவானேன்?

வாங்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். மூடி, அடித்தகடு, கைப்பிடி ஒவ்வொன்றும் எந்த உலோகம்? இரு பக்க இடைவெளிக்கும் எவ்வளவு வேறுபாடு வரை ஏற்பீர்கள்? பிளேடு மாட்டிப் பார்த்து, சவரம் செய்யாமல் திருப்பினால் ஏற்பீர்களா? ‘உயர்தர உலோகம்’ என்று மழுப்பினால் துத்தநாகம் என்று எடுத்துக்கொள்ளலாம். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். தண்ணீர்ச் சோதனையையும் சந்துப் பார்வையையும் முடித்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள். குறை தெரிந்தால் புகாரில் ‘வெட்டுகிறது, எரிகிறது’ என்று எழுதாதீர்கள், உடனே உங்கள் கையின் மீது பழி வரும். ‘விளம்பரத்தில் ஸ்டீல், அடர்த்தி 6.7’ என்று எழுதுங்கள். எங்கள் புகாரில் தராசுப் படங்கள் போன பிறகுதான் பழகச் சொல்லும் அறிவுரை நின்றது. அதற்குப் பின்னும் முழுப் பணம் வரவில்லை, ஒரு பகுதிதான் வந்தது. சவரம் செய்துவிட்ட காரணத்தைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள்.

என்னதான் வாங்குவது என்றால்: மூன்று பாகமாகக் கழலும், சீப்புப் பல் இல்லாத நேர் விளிம்புடைய, மாற்ற முடியாத ஒரே இடைவெளி கொண்ட ரேசர். இடைவெளி 0.6, 0.7 மி.மீ. அளவில், பிளேடு முனை கோட்டிலேயே நிற்பதாக. எடை 75 முதல் 110 கிராம் வரை இருக்கட்டும்; அதைவிட இலேசானால் கை தானாக அழுத்தத் தொடங்கும். ஈரக்கையில் வழுக்காதபடி கைப்பிடியில் வரிகள் வெட்டியிருக்க வேண்டும், கண்ணாடி மாதிரி வழவழப்பு கூடாது. பிளேடு நான்கைந்து வகைகளில் ஐந்தைந்தாக வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று முதல் ஐந்து சவரம் வரை பயன்படுத்திப் பாருங்கள். முடியை இழுக்கத் தொடங்கினால் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள். ஃபெதர் என்ற பிளேடு மிகக் கூரானது, சிறு கோணப் பிழையையும் மன்னிக்காது. கை படிந்த பிறகு அதை வாங்கிக்கொள்ளலாம்.