காலை மீட்டிங்: ஒற்றைச் சொல்லா, விரல் கணக்கா?

கேரளத்தில் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவு என் பொறுப்பு. பன்னிரண்டு பேர். பாதிப் பேர் வாளையார் எல்லை தாண்டி நம்ம தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், மீதி பாலக்காட்டுக்காரர்களும் ஒடிசாப் பையன்களும். ஷிப்ட் தொடங்குமுன் பத்து நிமிட மீட்டிங். யார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க அதில் இரண்டு நிமிடம் ஒதுக்கினாலே பெரிசு.

தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்லி, பொய் எது என்று மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் 'இரண்டு உண்மை, ஒரு பொய்' மாதிரி விளையாட்டெல்லாம் புது ஆள் சேரும் நாளுக்குச் சரி. தினமும் வைத்தால் சரக்கு தீர்ந்துவிடும். ரோஜா, முள், மொட்டு என்று நல்லது, கஷ்டம், எதிர்பார்ப்பு மூன்றையும் சொல்லவைப்பதற்கு ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் மீட்டிங்கே முடிந்துபோகும்.

இன்றைக்கு எப்படி இருக்கிறோம் என்று ஆளுக்கு ஒரே சொல்லில் சொல்வதுதான் ஒற்றைச் சொல் முறை. அதில் ஒரு நல்ல விஷயம், எல்லார் குரலும் ஒருதரம் வெளியே வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில்கூட, கத்தி வைக்குமுன் ஒவ்வொருவரும் பெயரும் வேலையும் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வரிசையில் முதல் சேச்சி மலையாளத்தில் "குழப்பமில்ல" என்றால் அடுத்து தமிழில் "பரவால்ல", அப்புறம் இந்தியில் "டீக் ஹை". கடைசிவரை அதே பதில்தான்.

அதனால் என் ஓட்டு விரலுக்கு. ஐந்து என்றால் நல்ல தெம்பு, ஒன்று என்றால் இன்றைக்கு முடியாது. மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். பக்கத்து ஆளைப் பார்த்துக் காட்ட வழியில்லை. தினமும் "பரவால்ல" சொல்லும் அண்ணன் ஒருநாள் இரண்டு விரல் காட்டினார். குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லையாம். சீலிங் மெஷினிலிருந்து லேபிள் ஒட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

இந்த முறை நிலைப்பதும் படுத்துக்கொள்வதும் அதற்கப்புறம் நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. "ஏன் ரெண்டு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் மறுநாளிலிருந்து அத்தனை பேரும் நாலுதான் காட்டுவார்கள். கண்டும் காணாமல் விட்டாலும் அதே கதிதான். டீ பிரேக்கில் தனியாகக் கேட்க வேண்டும், முடிந்ததைச் செய்து கொடுக்க வேண்டும்.

வீடியோ மீட்டிங்கில் கேமரா அணைத்திருந்தால் எண்ணைச் சாட்டில் போடச் சொல்லலாம். அதில் எனக்குப் பழக்கம் குறைவு, அடித்துச் சொல்ல மாட்டேன். மேனேஜர் வந்து நிற்கிற நாளில் எல்லாக் கையிலும் ஐந்து விரல். அன்றைக்கு நான் கேட்பதே இல்லை.