பின் ஷாக் அப்சார்பர் போய்விட்டதா? கம்பெனி பார்ட், வெளி பிராண்டு, ரீகண்டிஷன்: எது கட்டுப்படியாகும்?

பழைய மாருதி ஸ்விஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2011 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறை மாடல். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் பின்பக்கம் இரண்டு மூன்று முறை தூக்கிப்போடுகிறது. ஹைவேயில் பாலத்து ஜாயின்ட்டைத் தாண்டும்போது வால் பக்கம் லேசாக ஆடுகிறது. சர்வீஸ் சென்டரில் ஒரு எஸ்டிமேட் தருகிறார்கள், தெருமுனை மெக்கானிக் அதில் பாதி சொல்கிறார், பழைய ஷாக்கையே பிரித்துச் சரிசெய்து தரும் ரீகண்டிஷன் கடைக்காரர் அதிலும் பாதி சொல்கிறார். விற்கப் போனால் பெரிதாக ஒன்றும் தேறாத வண்டிக்கு எவ்வளவு செலவு செய்வது என்று கை தயங்குவது இயல்புதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வண்டிகளுக்கு, கார் கம்பெனிகளுக்கே ஷாக் சப்ளை செய்யும் பிராண்டுகளின் புது ஷாக்கை வெளிக்கடையில் வாங்கி, வெளி வொர்க்ஷாப்பில் மாட்டுவதுதான் கட்டுப்படியாகும். ரீகண்டிஷன் மலிவாகத் தெரியும், ஆனால் பின் ஷாக் விஷயத்தில் அந்த மலிவு பெரும்பாலும் கண்துடைப்பு. இதற்கு விதிவிலக்கும் உண்டு; அது பின்னால்.

முதலில், போனது ஷாக்தானா?

வண்டியின் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன் ஆயிலுக்குள் மேலும் கீழும் போகிறது. ஆயில் சின்னச் சின்ன வால்வுத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு ஓட, ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியேறிவிடுகிறது. ஆகவே வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து போயிருந்தால் குற்றம் ஷாக்கின் மேல் இல்லை, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, வீலின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தாலே இது தெரிந்துவிடும். புது ஷாக் போட்டால் வண்டி நிமிரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சத்தமும் அப்படித்தான். பின்னாலிருந்து வரும் கடகட சத்தத்துக்கு ஷாக்கின் ரப்பர் புஷ் (போல்ட் போகும் இடத்திலுள்ள ரப்பர் வளையம்), பம்ப் ஸ்டாப்பர் (ஷாக் முழுதாக அழுந்தும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), ஆக்ஸில் புஷ், சைலன்சர் ஹேங்கர், ஒழுங்காகக் கட்டாத ஸ்டெப்னி என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். புஷ் மட்டும் போயிருந்தால் செலவு சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும்.

ஷாக்தான் போயிருக்கிறது என்பதற்கு மூன்று அடையாளங்கள் போதும். ஒன்று, ஷாக் உடம்பில் ஆயில் வழிந்து மண் அப்பியிருக்கும். லேசான ஈரப்பசை இருந்தால் அது வெறும் வியர்வை, பயப்பட வேண்டாம். சொட்டினால்தான் மாற்ற வேண்டும். இரண்டு, டிக்கிப் பக்கம் பலமாக அழுத்தி விட்டால் ஒருமுறை எழுந்து அடங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். மூன்றாவதைப் பலரும் பார்ப்பதில்லை: பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக, அங்கங்கே கரண்டியால் சுரண்டியதுபோல் கைக்குத் தட்டுப்பட்டால், டயர் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகும் ஷாக்கைத் தள்ளிப்போடுவது, ஷாக் காசை மிச்சம் பிடித்து டயர் கடைக்குக் கொடுப்பதில்தான் முடியும்.

கம்பெனி பெட்டியா, பிராண்டு பெட்டியா?

பணத்தில் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான். ஆனால் அது பார்ட் விலையில் மட்டும் இல்லை. சின்ன, நடுத்தர கார்களுக்குப் பின் ஷாக் ஒன்று பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். கம்பெனி ஜெனுவின் பார்ட்டுக்கும் நல்ல வெளி பிராண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் பல மாடல்களில் நாம் நினைக்கும் அளவு இருக்காது. பில்லை ஏற்றுவது லேபர், அதற்கு மேல் ஜிஎஸ்டி, கூடவே 'செக்கப்', 'அலைன்மென்ட்' என்று ஒட்டிக்கொள்ளும் கூடுதல் கட்டணங்கள்.

கார் கம்பெனிகள் ஷாக்கைத் தாங்களே தயாரிப்பதில்லை. 1961 முதல் இந்தியாவில் இருக்கும் கேப்ரியல், மாருதி உட்படப் பல கம்பெனிகளுக்கு சப்ளை செய்கிறது; ஒசூரிலும் அவர்களுக்கு ஆலை உண்டு. முஞ்சால் ஷோவாவும் அந்த வரிசையில் வரும். டென்னகோ கம்பெனியின் மன்றோ, ஜப்பானின் கேஒய்பி இரண்டும் உலகம் முழுக்கக் கார் கம்பெனிகளுக்கும் உதிரிச் சந்தைக்கும் ஷாக் தருகிறவை. இதை வைத்து 'ரெண்டும் ஒரே மால்தான் சார், பெட்டிதான் வேற' என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கார் கம்பெனி கேட்ட வால்வு செட்டிங் ஒரு விதமாகவும், உதிரிச் சந்தைக்கு விற்பது கொஞ்சம் இறுக்கமாகவும் இருக்கலாம். பழைய வண்டிக்கு அந்தக் கொஞ்சம் இறுக்கம் எனக்குப் பிடித்துதான் இருக்கிறது. மெத்தென்று இருக்க வேண்டும் என்பவர்கள் கம்பெனி பார்ட் பக்கமே போகலாம்.

கம்பெனி பார்ட் கட்டாயம் என்று நான் சொல்லும் இடம் ஒன்று உண்டு. மாருதியின் ஃபேக்டரி சிஎன்ஜி மாடல்களில் டிக்கியில் சிலிண்டர் எடை ஏறுவதால் சஸ்பென்ஷனையே அதற்கேற்ப அமைத்துத் தருகிறார்கள். அந்த வண்டிக்குப் பெட்ரோல் மாடலின் ஷாக்கை மாட்டினால் போல்ட் சேரும், வேலை சேராது. பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

வெளியில் வாங்குவதில் பயம் டூப்ளிகேட்தான். சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு போனால் ஒரே பிராண்டுக்கு மூன்று விலை சொல்வார்கள். அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம், பில்லோடு வாங்கினால்தான் வாரண்டி என்று ஒன்று இருக்கும். உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பெட்டியில் பழைய எம்ஆர்பி அச்சடித்திருந்தால் அதைச் சொல்லியே பேரம் பேசலாம்.

ஆயில் ஷாக்கா, கேஸ் ஷாக்கா என்று கேட்பார்கள். கேஸ் என்றால் ஆயில் இல்லை என்று அர்த்தமில்லை. உள்ளே ஆயிலேதான், மேலே கொஞ்சம் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்திருப்பார்கள். மோசமான ரோட்டில் தொடர்ந்து ஓடும்போது ஆயில் நுரைத்துப் போகாமல் அது பார்த்துக்கொள்ளும். விலை வித்தியாசம் சில நூறு என்றால் கேஸ் எடுங்கள். பில்ஸ்டைன் பி6 மாதிரியான மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக்குகள் அருமையானவை. பத்து வயது தாண்டிய ஸ்விஃப்ட்டுக்கு அது ஆசைச் செலவு.

ரீகண்டிஷன்

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கார் ஷாக் உள்ளே பிரித்து மறுபடி மூடும்படி செய்யப்பட்ட பொருள் இல்லை. மேல் விளிம்பை மடித்து சீல் செய்திருப்பார்கள். ரீகண்டிஷன் கடையில் அந்த விளிம்பை லேத்தில் வெட்டி, ராடை (பிஸ்டனைத் தாங்கும் கம்பியை) உருவி, கறுத்துப்போன ஆயிலைக் கொட்டி, புது சீலும் ஆயிலும் போட்டு, ஒரு வளையம் வைத்து வெல்டு அடிக்கிறார்கள், அல்லது மரை போட்டு மூடுகிறார்கள். இன்னும் மலிவான முறையும் உண்டு: பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு, ஆயில் ஊற்றி, ஓட்டையை வெல்டு வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட். வெளியே வரும்போது பார்க்கப் புதுசு.

சிக்கல் என்னவென்றால், ஆயில் கசிந்தது சீல் கெட்டதால் என்றாலும், சீல் கெட்டது பெரும்பாலும் ராடால். குரோம் பூச்சு உரிந்து துருப்புள்ளி விழுந்த ராட், ஒவ்வொரு குதிப்பிலும் சீல் விளிம்பை அராவிக்கொண்டே இருக்கும். ராட் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் சிக்கினால் அதில் எந்தச் சீலும் நிற்காது. அப்புறம் வால்வு. தேய்ந்துபோன வால்வுத் தகடுகளை ரீகண்டிஷன் கடையில் மாற்றுவது அபூர்வம். ஆயிலின் திடம், அளவு இரண்டும் கைக்கணக்கு. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதல், மறுபக்கம் கொஞ்சம் குறைவு. கேஸ் ஷாக்காக உள்ளே போனது, கேஸ் ஏற்றும் வசதி இல்லாத கடையிலிருந்து வெறும் ஆயில் ஷாக்காகத்தான் திரும்பி வரும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ரீகண்டிஷன் புதியதன் பாதி விலை என்று வைத்தாலும், ஒரு ஜோடிக்கு மிச்சம் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம். ஆறு மாதத்தில் மறுபடி கசிந்தால் கழற்ற ஒரு கூலி, மாட்ட ஒரு கூலி, வண்டி ஒருநாள் கடையில். மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும்.

இனி அந்த விதிவிலக்கு. 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்திய செவர்லே, அதன்பின் கடையைக் கட்டிய ஃபியட் போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குச் சில மாடல்களில் புது ஷாக் தேடி அலைய வேண்டியிருக்கும். ஒரு ஷாக்கே பல ஆயிரம் விலை சொல்லும் பெரிய எஸ்யூவி, வெளிநாட்டு வண்டிகளும் உண்டு. அங்கே ரீகண்டிஷன் நியாயமான வழிதான். ஆனால் ராடைப் புதிதாகப் போடுகிறாரா அல்லது மறு குரோம் செய்கிறாரா, கேஸ் ஏற்றுகிறாரா என்று கேளுங்கள். வாங்கும்போது இரண்டையும் நிமிர்த்திப் பிடித்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே சீரான எதிர்ப்பு வர வேண்டும். நடுவில் 'தொபக்' என்று வெற்றிடம் தட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில், வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஷாக் வாங்கலாமா? கதவு, கண்ணாடி, ஹெட்லைட் வாங்குங்கள். ஷாக் வேண்டாம்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே சொருகும் ரப்பர் பஃபர் இன்னொரு கவர்ச்சி. மாட்டியதும் பின்பக்கம் நிமிரும், தூக்கிப்போடுவது குறைந்ததுபோல் தோன்றும். நடப்பது என்னவென்றால் ஸ்பிரிங் இறுகிவிடுகிறது. இறுகிய ஸ்பிரிங்கை அடக்க இன்னும் பலமான ஷாக் வேண்டும். நம்மிடம் இருப்பதோ செத்த ஷாக். சுமை ஏற்றும் டாக்ஸிக்கு நல்ல ஷாக்கோடு சேர்த்துப் போட்டால் பயன் உண்டு, ஷாக்குக்குப் பதிலாக அல்ல.

மாட்டும்போது

ஸ்விஃப்ட் மாதிரி டார்ஷன் பீம் (இரண்டு பின் வீல்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம்) வண்டியில் பின் ஷாக் ஸ்பிரிங்கிலிருந்து தனியாக நிற்கிறது. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட் போல, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேவையில்லை. கை பழகிய மெக்கானிக்குக் கீழே ஒரு போல்ட், மேலே ஒரு நட். துருப்பிடிக்காமல் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. லேபர் அதிகம் கேட்டால் இதைச் சொல்லிப் பேசலாம்.

எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மிச்சமாகும் காசில் பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர், மேல் ரப்பர் மூன்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள். பழைய ரப்பரைப் புது ஷாக்கில் மாட்டிவிட்டு 'சத்தம் போகலை' என்று திரும்பி வருபவர்கள் ஏராளம். பெட்டியில் படுத்துக் கிடந்த ஷாக்கை நிமிர்த்தி, சில முறை அழுத்தி இழுத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்ட வேண்டும். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துக்கொண்டே கழற்ற வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்ஸில் தொங்கி, பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங்கும் நழுவும். நட் இறுக்கும்போது ராட் சுற்றுகிறதே என்று பிளையர் வைத்துப் பிடிக்க விடாதீர்கள். புது குரோமில் அன்றைக்கே கீறல் விழும்.

கீழ் போல்ட்டின் கடைசி இறுக்கம், வீல் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான். தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கியபடியே வேலை செய்து சீக்கிரம் கிழியும். இந்த வேலைக்காகப் பின் வீல் அலைன்மென்ட் என்று பில்லில் எழுதினால் எடுக்கச் சொல்லுங்கள்; டார்ஷன் பீமில் பின்பக்கம் திருப்பி அமைக்க ஒன்றுமே கிடையாது.