வாடகைக் காருக்கான எக்ஸஸ் இன்சூரன்ஸ்: உரசிய பிறகு எவ்வளவு கைகொடுக்கும்?

வாடகைக் கார் சேதமானால் நம் பங்காக நிறுவனம் பிடிக்கும் தொகைதான் எக்ஸஸ். வெளிநாட்டில் கார் எடுக்கும்போது அதற்காகத் தனியாக வாங்கும் எக்ஸஸ் இன்சூரன்ஸ், கவுன்டரில் தலையில் கட்டும் பாலிசியைவிடப் பெரும்பாலும் மலிவு. தாராளமாக வாங்கலாம். ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். நிறுத்தியிருந்த அடுத்தவர் காரை உரசினால், அந்தச் செலவை வாடகையோடு வரும் மூன்றாம் நபர் காப்பீடு பார்த்துக்கொள்ளும். நம் கையிலிருக்கும் வாடகைக் காரின் சேதத்துக்கு நிறுவனம் பிடிக்கும் தொகையை மட்டுமே எக்ஸஸ் இன்சூரன்ஸ் திருப்பித் தரும். அதுவும் நம் கார்டிலிருந்து பணம் போன பிறகு.

க்ளெய்ம் சறுக்குவது ஆவணத்தில்தான். காரை நகர்த்தும் முன் இரண்டு காரின் நம்பர் பிளேட்டும் தெரிய ஒரு படம், பிறகு கீறலைக் கிட்டத்தில் இரண்டு கோணத்தில். வாடகைக் காரின் கீறலில் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். சிக்காவிட்டால் அது பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றிருக்கும், பாலிஷில் போகலாம். அப்படியிருந்தும் முழு பம்பருக்கும் பெயின்ட் என்று பில் வந்தால் கேள்வி கேளுங்கள்.

ஜெர்மனியில் வைப்பரில் சீட்டு சொருகிவிட்டுக் கிளம்புவது போதாது. உரிமையாளருக்காகக் காத்திருந்து, வராவிட்டால் போலீஸை அழைக்க வேண்டும். கிளம்பிவிட்டால் குற்றவியல் சட்டப் பிரிவு 142 பாயும், காப்பீடும் கைவிரிக்கலாம். போலீஸ் தரும் பதிவு எண்ணை அன்றே வாடகை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

டயர், கண்ணாடி, அடிப்பாகம், நிர்வாகக் கட்டணம் ஆகிய நான்கும் சேராத பாலிசியை வாங்கவே வேண்டாம்.