பற்றரியை மட்டும் மாற்றிவிட்டுப் புது அலாரத்துக்குக் காசு வாங்கிவிட்டார்கள்

ரொறன்ரோ பக்கம் இருக்கிற எங்கட ஆக்கள், அதிலும் வயதான அம்மா அப்பாவைப் பகலில் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், இதை ஒருக்கா வாசியுங்கோ.

குளிர் தொடங்க முதல் பேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) சேர்விஸுக்கு ஒரு கொம்பனியைக் கூப்பிட்டிருந்தோம். படுக்கையறைகளுக்கு வெளியே இருந்த காபன் மொனொக்சைட் (எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயு) அலாரம் அப்போது விட்டுவிட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. வந்தவர் அம்மாவிடம், "அன்ரி, இது பழசு. இனிப் பாவிக்கேலாது, புதுசு பூட்டவேணும்" என்றிருக்கிறார். தமிழ்ப் பெடியன்தானே என்று அம்மாவும், "சரி தம்பி, பூட்டிவிடுங்கோ" என்றுவிட்டார். பில்லில் சேர்விஸ் காசுக்கு மேலே, புது அலாரமும் பொருத்துகூலியும் என்று 145 டொலர்.

கொஞ்ச நாள் சத்தமில்லை. பிறகு திரும்பவும் தொடங்கியது. புது அலாரம் ஏன் கத்துகிறது என்று கழற்றிப் பார்த்தால், விளிம்பில் நாங்கள் முந்தி சுவருக்கு அடித்த நீலப் பெயின்ற் ஒரு கீற்றாக ஒட்டியிருக்கிறது. அதே பழைய அலாரம்! பின்பக்க லேபிளில் உற்பத்தித் திகதி 2014. உள்ளே மட்டும் பெயர் கேள்விப்படாத மலிவுப் பற்றரிகள், ஒன்றின் நுனியில் ஏற்கெனவே வெள்ளைத் தூள் பூத்திருந்தது. நல்ல அல்கலைன் பற்றரி வாங்கிப் போட்டேன். கீச்சுச் சத்தம் நிற்கவில்லை, சின்னத் திரையில் 'எண்ட்' என்று வந்தது. பற்றரி இல்லை, அலாரத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. சில மாதிரிகளில் பட்டனை அழுத்தி இந்த முடிவுச் சத்தத்தைத் தற்காலிகமாக அடக்கிவைக்கலாம். வந்தவர் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

கொம்பனிக்குப் போன் பண்ணினேன். "ரெஸ்ற் பட்டனை அழுத்திக் காட்டினவர்தானே, வடிவாச் சத்தம் வந்ததுதானே?" என்று கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது இதைக் கேட்டுத்தான். அந்தப் பட்டன் பற்றரி, மின்சுற்று, ஒலிப்பான் இவ்வளவையும்தான் சோதிக்கும். வாயுவை உணரும் சென்சர் வேலை செய்கிறதா என்று சொல்லாது. மாதிரியைப் பொறுத்து 5 முதல் 10 வருடத்தில் சென்சர் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பற்றரி போட்டாலும் பட்டனை அழுத்தச் சத்தம் வரலாம், வாயு வந்தால் வரும் என்று நம்பேலாது. மணமும் நிறமும் இல்லாத வாயு. வீட்டில் நித்திரை கொள்கிறவர்களுக்கு வேறு எச்சரிக்கை கிடையாது.

2008இல் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக்கில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் நாலு பேரும் இந்த வாயுவால் இறந்தார்கள். எரிவாயு நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டிருந்தது, வீட்டில் அலாரம் இல்லை. இந்த மாகாணத்தில் அலாரத்தைக் கட்டாயமாக்கிய சட்டத்தில் அவர்களின் பெயர் இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், பேர்னஸ் மாதிரி எரிபொருள் சாதனமோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் மாடிக்கு மாடி அலாரம் வேண்டும். பூட்டித் தருகிறோம் என்று இன்னும் பல பேர் கதவைத் தட்டுவார்கள். வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால் அலாரத்தைப் பூட்டிப் பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, உங்களிடம் காசு கேட்டால் கொடுக்காதேங்கோ.

புதுசு பூட்டினோம் என்று யாரும் சொன்னால் பெட்டியைக் கேட்டு வாங்குங்கோ, பின்பக்கத் திகதியைப் போனில் படம் எடுங்கோ. நிமிடத்துக்கு ஒருதரம் ஒற்றைக் கீச்சு என்றால் பெரும்பாலும் பற்றரி. அப்போது லேபிளில் சொன்ன வகையையே போடுங்கோ, சார்ஜ் பண்ணுகிற பற்றரி வேண்டாம். நாலு தரம் உரக்க அடித்து, நிறுத்தி, திரும்ப நாலு தரம் அடித்தால் அது வாயு. எல்லோரும் வெளியே போய் 911ஐக் கூப்பிடுங்கோ.

கொம்பனி 40 டொலர் திருப்பித் தருகிறோம் என்றது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீலப் பெயின்ற் தெரிகிற படத்தையும் பில்லையும் வைத்து ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன்.