சுழல் உருளை எலக்ட்ரோடும் அந்தக் கார்பன் பிரஷ்ஷும்

எங்கள் சுழல் உருளை எலக்ட்ரோடுக்கு, அதாவது ஸ்டீல் உருளையைக் கரைசலுக்குள் சுழற்றி அரிப்பை அளக்கும் கருவிக்கு, சென்ற வாரம் மறுபடியும் பிரஷ் மாற்ற வேண்டி வந்தது. அதே சமயம் பார்த்து, காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) படித்த நண்பர் ஒருவர் போன் செய்து, தங்கள் லேபுக்கும் இப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். மோட்டார் எவ்வளவு வேகம் போகும், கன்ட்ரோலர் எப்படி என்பதெல்லாம் கேட்டலாக்கிலேயே இருக்கிறது.

எங்கள் வேலை கச்சா எண்ணெய்க் குழாய்களின் உள்பக்க அரிப்பு. எண்ணெயோடு வரும் உப்புத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அதுதான் ஸ்டீலைத் தின்னும். அசையாத தண்ணீரில் கூப்பனை, அதாவது சோதனைக்கான சின்ன ஸ்டீல் துண்டை, தொங்கவிட்டு, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் குழாய்க்குக் கணக்குப் போட முடியாது. ஓட்டம் வந்தால் எல்லாமே மாறிவிடும். அந்த ஓட்டத்தை ஒரு பீக்கருக்குள் கொண்டுவருவதில் இந்தக் கருவிக்கு இணை இல்லை என்று மனதாரச் சொல்வேன். 12 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. உயரமும் உள்ள சின்ன ஸ்டீல் உருளை, 3 சதுர செ.மீ. பரப்பு. நிமிடத்துக்கு 1000 சுற்று விட்டால் அதன் மேற்பரப்பு வினாடிக்கு 0.63 மீட்டர் வேகத்தில் ஓடும். பரப்பின் மேல் திரவத்தின் உரசல் சுமார் 2 பாஸ்கல். ஐசன்பெர்க், டோபியாஸ், வில்கி மூவரும் 1954இல் தந்த சமன்பாடு இன்றும் கைகொடுக்கிறது: எல்லை மின்னோட்டம், அதாவது கரைசலிலிருந்து பொருள் பரப்புக்கு வந்து சேரும் வேகம் அனுமதிக்கும் அதிகபட்ச மின்னோட்டம், சுழலும் வேகத்தின் 0.7 அடுக்கில் ஏறும். வேகம் இரட்டித்தால் மின்னோட்டம் 1.6 மடங்கு. உருளைக்குப் பதில் தட்டையான வட்டு சுழலும் எலக்ட்ரோடும் உண்டு; லெவிச் சமன்பாடு என்ற கணக்குக்குக் கட்டுப்பட்டு அது இன்னும் சுத்தமாக நடந்துகொள்ளும், ஆனால் அதன்மேல் ஓட்டம் சீராகவே இருக்கும். உருளையில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரா, கொந்தளிப்பா என்று காட்டும் எண்) 200 தாண்டினாலே கொந்தளிப்பு வந்துவிடும். குழாய்க்குள் நடப்பதும் கொந்தளிப்புதான், அதனால் எங்களுக்கு உருளை.

முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு நான் காட்டுவது ஒன்றுண்டு. காற்றுக் கரைந்த உப்புக் கரைசலில் ஸ்டீலை எதிர்மின் பக்கம் நிறுத்திவைத்து, வேகக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், திரையில் மின்னோட்டம் படிக்கட்டு போல ஏறும். ஆக்சிஜன் வேகமாக வந்து சேருகிறது என்பது கண்ணுக்கே தெரியும். வேகத்தை மாற்றியும் கோடு அசையவில்லை என்றால், அங்கே தடை ஓட்டத்தில் இல்லை, பரப்பில் நடக்கும் வினையில்தான். சில நிமிடத்தில் இதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறது. அந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

இனி பிரஷ். சுழலும் தண்டிலிருந்து மின்னோட்டத்தை வெளியே எடுக்க, வெள்ளி கலந்த கார்பன் துண்டு ஒன்று ஸ்பிரிங் அழுத்தத்தில் தண்டை உரசிக்கொண்டே இருக்கும். புதுப் பிரஷ் தண்டின் வளைவுக்குத் தேய்ந்து படியும்வரை நம்பி அளக்க முடியாது. படிந்த பிறகு கொஞ்ச காலம் நிம்மதி. அப்புறம் கறுப்புத் தூசி சேரும். தண்டைத் துடைத்தால் துணியில் பட்டையாக ஒட்டும். அளவீட்டில் இரைச்சல், அதாவது மின்னோட்டத்தில் வீண் ஆட்டம், தொடங்கிவிடும்.

வெற்று ஸ்டீல் ஆண்டுக்கு 1 மி.மீ. அரிக்கும்போது இந்த இரைச்சல் தெரியவே தெரியாது. அரிப்பை அளக்க மின்னழுத்தத்தை 10 மில்லிவோல்ட் தள்ளினால் 100 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு வருகிறது, அதில் ஒன்றிரண்டு ஆடினால் யாருக்கு என்ன? ஆனால் நல்ல இன்ஹிபிட்டர் (அரிப்பைத் தடுக்கும் ரசாயனம்) ஊற்றி, அரிப்பு ஆண்டுக்கு 0.02 மி.மீட்டருக்கு இறங்கினால், அதே 10 மில்லிவோல்டுக்குக் கிடைப்பதே 2 மைக்ரோ ஆம்பியர்தான். ஆட்டமும் அதே அளவு. இன்ஹிபிட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கருவியை வாங்கினோம், அது வேலை செய்யும் இடத்தில்தான் கருவி கைவிடுகிறது. பல அதிர்வெண்களில் மாறுமின்னோட்டத் தடையை அளக்கும் இம்பீடன்ஸ் எடுத்தால் இன்னும் மோசம், சுழற்சியின் அதிர்வெண்ணே உள்ளே வந்துவிடும்: 1000 சுற்றில் 17 ஹெர்ட்ஸ் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் சிதறிக் கிடக்கும். எதிரெதிர் பிரஷ் இரண்டையும் சேர்த்து இணைத்தோம், மோட்டார் உடலுக்கு எர்த் கொடுத்தோம், தண்டை ஆல்கஹாலால் துடைத்தோம். எல்லாமே கொஞ்சம் உதவும், எதுவும் தீர்த்துவைக்காது. விற்ற கம்பெனியிடம் கேட்டால் “பிரஷ் தேயும் பொருள்தானே சார்” என்கிறார்கள். தேயும் பொருள் என்றால் கையிருப்பு வைத்திருக்க வேண்டாமா? வெளிநாட்டிலிருந்து வரும்வரை மாணவர்கள் காத்திருக்கிறார்கள். இத்தனை விலை கொடுத்த கருவி ஒரு விரல்நுனி அளவு கார்பனுக்காக முடங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், இதே அளவீட்டுக்கு ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் ஜி 185 என்று தனி செய்முறைத் தரநிலையே இருக்கிறது. இரைச்சல் இருந்தும் நல்லது எது, மோசம் எது என்று இன்ஹிபிட்டர்களைத் தரம் பிரிக்க இது போதும். கற்பிப்பதற்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். உங்கள் வேலை முழுக்க இன்ஹிபிட்டர் என்றால், எலக்ட்ரோடு அசையாமல் இருக்க, கரைசலைப் பாய்ச்சும் ஜெட் அமைப்பைப் பாருங்கள். பம்ப், குழாய் என்று இடம் பிடிக்கும், கரைசலும் நிறைய வேண்டும்; ஆனால் உரசும் இணைப்பு ஒன்றுகூட இல்லை. அதற்குப் பணம் வராது, இதுதான் வாங்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால், கருவியோடு சேர்த்து இரண்டு ஜோடி பிரஷ்ஷையும் அதே பர்ச்சேஸ் ஆர்டரில் போட்டுவிடுங்கள். தனியாகப் பிறகு கேட்டால் கிடைக்கும்போதுதான் கிடைக்கும்.