சோல்டர் வைக்கும் முன் அளந்து பாருங்கள்: ஆள் வந்தால் எரியும் விளக்கு கிட்டில் நான் ஏமாந்தது

அம்மா இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார். சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். ஒருநாள் மாடிப்படியின் கடைசிப் படியில் கால் இடறி விழப் பார்த்தார். ஆள் வந்தால் தானாக எரிந்து, போனதும் அணைகிற எல்இடி விளக்கு ஒன்றை நானே செய்து படியோரம் மாட்டிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சோல்டர் வைக்கவும் (உலோகத்தை உருக்கிப் பாகங்களைப் போர்டில் ஒட்டுவது), மல்டிமீட்டரால் வோல்ட், கரண்ட் அளக்கவும் எனக்குத் தெரியும். பாகங்களைத் தனித்தனியாகத் தேடி அலைவானேன் என்று இணையத்தில் ஒரு கிட் வாங்கினேன்.

வந்த பெட்டியில் ஒரு பிஐஆர் சென்சார், ஒரு மாஸ்ஃபெட், இரண்டு ரெசிஸ்டர், சின்ன போர்டு, இரண்டு மீட்டர் 12 வோல்ட் எல்இடி பட்டை, ஓர் அடாப்டர் இருந்தன. சர்க்யூட் எளிமையானதுதான். உடல் சூடு அசைவதைச் சென்சார் உணர்ந்ததும் அதன் அவுட்புட் காலில் 3.3 வோல்ட் வரும். அதை வைத்துப் பட்டையை நேராக எரிக்க முடியாது, அவ்வளவு கரண்ட் அதற்கு வராது. அதனால் நடுவில் மூன்று கால் உள்ள மாஸ்ஃபெட்டைச் சுவிட்ச் மாதிரி வைக்கிறோம்: கேட் கால் கட்டுப்படுத்தும், கரண்ட் டிரெய்ன் காலில் நுழைந்து சோர்ஸ் காலில் வெளியேறும். சென்சாரின் 3.3 வோல்ட் அதன் கேட்டுக்குப் போகும், அது திறந்ததும் பட்டை எரியும். ஒரு மாலையில் முடிகிற வேலை. நானும் ஒரே மாலையில் முடித்தேன்.

எரிந்தது. ஆனால் மங்கலாக எரிந்தது. ஓரிரு நிமிடம் போனதும் மெல்ல மெல்ல வெளிச்சம் கூடியது. எனக்கு முதலில் சென்சார் மேல்தான் சந்தேகம். அதில் இரண்டு திருகுகள் உண்டு, ஒன்று எவ்வளவு தூரத்தில் உணர வேண்டும் என்பதற்கு, இன்னொன்று எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு. அந்த இரண்டையும் மாற்றி மாற்றித் திருகியே ஒரு வாரம் வீணானது. மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் இந்தச் சென்சார் தாறுமாறாகத்தான் நடக்கும், அது இயல்பு. மற்றபடி சென்சாரில் ஒரு குறையும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். “திருகைச் சரியா வைங்க” என்றார். வைத்தாயிற்று என்றேன். “அது ஸ்லோ ஸ்டார்ட் வசதி சார், கண் கூசாம இருக்கத்தான் அப்படிக் கொடுத்திருக்கோம்” என்று பதில் வந்தது. நானும் நம்பினேன். இரவில் அம்மாவின் கண்ணுக்கு நல்லதுதானே என்றுகூட நினைத்தேன். இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது.

ஒரு சனிக்கிழமை அக்கா பிள்ளைகள் வந்திருந்தார்கள். மாலை முழுக்கப் படியிலேயே விளையாட்டு. அசைவு இருக்கும்வரை நேரம் நீண்டுகொண்டே போகும்படி சென்சாரின் ஜம்பரை (இடம் மாற்றிச் செருகும் சின்னச் செருகி) வைத்திருந்ததால், விளக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அணையவே இல்லை. “பிளாஸ்டிக் சூடாகிற மாதிரி ஏதோ வாடை வருதுப்பா” என்று அம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், போர்டு வைத்திருந்த சின்ன டப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. உள்ளே குளூ கன் பசை இளகி நூல் நூலாக வழிந்திருந்தது. மாஸ்ஃபெட்டின் உலோக முதுகில் விரல் பட்டதுதான் தாமதம், சுரீரென்று சுட்டுவிட்டது. கொப்புளம் ஆற நான்கு நாள் ஆனது. அந்த டப்பா இருந்தது சின்னப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில்.

மறுநாள் டப்பாவைக் கழற்றி, எல்லாவற்றையும் மேசையில் விரித்து வைத்து அளந்தேன். பட்டை மீட்டருக்கு 4.8 வாட், இரண்டு மீட்டருக்குச் சுமார் 0.8 ஆம்பியர் ஓட வேண்டும். ஓடியது 0.42 ஆம்பியர். மாஸ்ஃபெட்டின் டிரெய்னுக்கும் சோர்சுக்கும் நடுவே 1.9 வோல்ட் நின்றது. முழுதாகத் திறந்த மாஸ்ஃபெட்டில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. 1.9 வோல்ட்டை 0.42 ஆம்பியரால் பெருக்கினால் 0.8 வாட், அத்தனையும் வெப்பம். ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத இந்த வகை மாஸ்ஃபெட் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 62 டிகிரி சூடேறும். திறந்த வெளியிலேயே அறை வெப்பத்துக்கு மேல் 50 டிகிரி ஏறிவிடும், மூடிய டப்பாவில் இன்னும் அதிகம்.

காரணம் என்ன? மாஸ்ஃபெட்டின் மேல் ஐஆர்எல்இசட் 44 என் என்று அச்சிட்டிருந்தது. அது 3.3 வோல்ட்டில் இந்த அளவு கரண்டைத் தாராளமாக விடக்கூடிய நல்ல பாகம். கேட் 1 முதல் 2 வோல்ட்டுக்குள் திறக்கத் தொடங்கிவிடும். பெயரில் ஓர் எழுத்து மாறி ஐஆர்எஃப்இசட் 44 என் என்றால் அது வேறு பாகம். 2 முதல் 4 வோல்ட்டில்தான் திறக்கத் தொடங்கும், முழுதாகத் திறக்க 10 வோல்ட் கொடுக்க வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்தேன். எழுத்து அப்படியே பஞ்சோடு வந்துவிட்டது, அடியில் தேய்த்து அழித்த தடம். லேசரில் பொறித்த எழுத்து இப்படித் துடைத்தால் போகாது. விலை குறைந்த பாகத்தின் பெயரை அழித்துவிட்டு, நல்ல பாகத்தின் பெயரை அச்சடித்து விற்றிருக்கிறார்கள்.

அந்த “ஸ்லோ ஸ்டார்ட்” என்னவென்றும் அப்போதுதான் புரிந்தது. மாஸ்ஃபெட் சூடாகச் சூடாக, அது திறக்கத் தேவையான வோல்ட் குறையும். அரைகுறையாகத் திறந்திருந்தது சூடேறியதும் இன்னும் கொஞ்சம் திறக்கிறது, வெளிச்சம் கூடுகிறது. வசதி என்று என்னிடம் சொன்னது, பாகம் வெந்துகொண்டிருந்ததை.

படத்தோடும் அளவோடும் மறுபடி எழுதினேன். “சோல்டர் வைத்த போர்டைத் திரும்ப எடுப்பதில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சோல்டர் வைக்காமல் இந்தக் கிட்டை எப்படி எரிய வைத்துப் பார்ப்பது? கேட்டேன், பதிலே இல்லை. குறை தெரிய வேண்டுமானால் சோல்டர் வைத்தாக வேண்டும், வைத்துவிட்டால் திருப்பித் தர முடியாது. வாங்கியவர் எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொள்வார்.

ஆனால் மாஸ்ஃபெட்டை மட்டும் சோல்டர் இல்லாமலே சோதிக்கலாம். எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், டிரெய்ன், சோர்ஸ். கேட்டையும் டிரெய்னையும் ஒரே கிளிப்பில் சேர்த்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுங்கள். சோர்ஸ் மைனஸில். கேட்டுக்கும் சோர்சுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 1 முதல் 2 வோல்ட் காட்டினால் சரி. எனக்கு வந்தது 2.8. இரண்டு நிமிட வேலை, பெட்டி வந்த அன்றே இதைச் செய்திருந்தால் சோல்டர் படாமல் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடாப்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டை ஒட்டியிருந்த அலுமினியச் சட்டத்தைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இருப்பதாக அம்மா சொல்லியிருந்தார். நல்ல அடாப்டரிலும் சில நேரம் இந்த உணர்வு வரும் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. இவ்வளவு ஆன பிறகு ஒரு நாள் முழுக்கக் கழற்றி வைத்திருந்துவிட்டு உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பி. வீட்டு மின்சாரம் வரும் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே குறைந்தது 5 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும், இதில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் இடத்தில் பாதுகாப்புக்கென்றே செய்த ஒய் வகை கெப்பாசிட்டருக்குப் பதில் சாதாரண செராமிக். அது ஷார்ட் ஆகியிருந்தால் அம்மா இரவில் கை வைக்கும் அந்தச் சட்டத்தில் வீட்டு மின்சாரமே வந்திருக்கும். தயவுசெய்து நீங்கள் யாரும் அடாப்டரை உடைத்துப் பார்க்க வேண்டாம். கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். சந்தேகம் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, பாதுகாப்பு முத்திரை உள்ள அடாப்டரை நம்பிக்கையான இடத்தில் தனியாக வாங்குங்கள்.

அசல் மாஸ்ஃபெட் ஒன்று வாங்கிப் போட்டேன். சென்சார் சும்மா இருக்கும்போது மாஸ்ஃபெட் மூடியே இருக்கட்டும் என்று கேட்டிலிருந்து சோர்சுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் சேர்த்தேன், அதுவும் கிட்டில் இல்லை. இப்போது அதில் நிற்பது 40 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, ஒரு மணி நேரம் எரிந்தாலும் விரல் வைத்தால் குளிர்ச்சியாகவே இருக்கிறது. பட்டை முதல் நொடியிலேயே பளிச்சென்று எரிகிறது. அடாப்டரும் புதிது. அம்மா சுவரைத் தடவுவதில்லை.

நேற்று அந்த விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கிட் இன்னமும் விற்பனையில் இருக்கிறது. வசதிகள் பட்டியலில் “ஸ்லோ ஸ்டார்ட்” என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். இதே போன்ற கிட்டை வாங்கி மாட்டியிருப்பவர்கள், உங்கள் விளக்கு மங்கலாகத் தொடங்கி மெல்லக் கூடுகிறது என்றால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.