எழுந்து நிற்பதற்குள் நம்பர் போச்சு

மூன்று வருடம் கழித்து மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போனேன். மலேசியாவின் பேராக்கில் ஈப்போவைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் தோட்டத்து டவுன். பயணம், வீடு, சொந்தபந்தம் எல்லாம் சுகம், அதை விடுங்கள். அம்மாவை அரசுக் கிளினிக்குக் கூட்டிப் போன காலையைத்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் காண்டாக் கம்பில் (தோளில் வைக்கும் காவடிக் கம்பு) பால் வாளி சுமந்த கால். ஏழு மணிக்கு எடுத்த நம்பர் 1046. பத்தேகாலுக்குத் திரையில் வந்தது. அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, ஒரு மூச்சு விட்டு, மறு கையை என் தோளில் ஊன்றி எழுந்தார். நாலு அடி வைக்கவில்லை, 'டிங்', 1047. ஒரு பையன் பாய்ந்து உள்ளே போய்விட்டான். கவுண்டரில் கேட்டால் "துங்கு செகெஜாப்", கொஞ்சம் பொறுங்கள் என்று மலாயில். அந்தச் செகெஜாப் நாற்பது நிமிடம்! மெல்பர்னில் டாக்டரே வெளியே வந்து பெயர் சொல்லி அழைப்பார், கூடவே நடந்து போவார். இங்கே முட்டி வலிக்காரர்களுக்கு ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள். (பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு ரிங்கிட். மெல்பர்ன் பில்லை நினைத்தால் வாய் தானாக மூடிக்கொள்கிறது.)

டாக்டர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, எடை 78 கிலோ என்று உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை.

"தே எத்தனை கிளாஸ்மா குடிப்பீங்க?" (எங்கள் ஊரில் டீ என்றால் தே.)

"ரெண்டுதான்மா."

"பசியாறும்போது, பத்து மணிக்கு, சாயங்காலம், பக்கத்து வீட்டுல?"

அம்மா என்னைப் பார்த்தார். ஐந்து வந்தது. ஒவ்வொன்றிலும் டின் பால் இரண்டு கரண்டி. அந்த டின்னைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 'கிரீமர்' என்றிருக்கும், சர்க்கரையும் பாமாயிலும். தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிப் பாமாயில் தரும் செம்பனை நட்டார்கள், அது கடைசியில் அம்மாவின் கிளாசுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையுமாம். தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் வலி இறங்கும் என்றாள். தட்டில் பாதி காய்கறி, கால் சோறு, கால் மீனோ முட்டையோ. சோற்றோடு மீனையும் குறைத்துவிடாதீர்கள், தொடைச் சதை கரைந்தால் முட்டியை யார் தாங்குவது என்றாள். கெம்போங் மீனே (கானாங்கெளுத்தி) போதுமாம், சால்மன் வேண்டாமாம். வாயு என்று அம்மா பத்து வருடமாக ஒதுக்கிய கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும், அளவாகச் சாப்பிடலாம், மூட்டுக்கு ஆகாது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்றாள். அம்மாவுக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

அப்புறம் நான் பெருமையாக, மூட்டு வலிக்கு என்று விற்கும் குளுக்கோசமின் மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தேன். "வாங்கிட்டீங்க, சரி" என்று சிரித்தாள். ராத்திரி தேடிப் படித்தேன்: 2006-ல் அமெரிக்காவில் 1583 பேரிடம் நடந்த ஆய்வில், மொத்தத்தில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மூன்று டப்பா வாங்கியிருந்தேன்!

மறுநாள் ஒட்டுக்கடையில் கடைக்கார அண்ணன் வழக்கம்போல் தே தாரிக்கை (டின் பால் ஊற்றி ஆற்றிய தே) கொண்டு வந்து வைத்தார். அம்மா அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்குத் தே ஓ கோசோங்" என்றார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. அண்ணன் இரண்டு தடவை கேட்டார்.